எம்.எஸ் உள்ளவர்கள் ஜிம்மில் எடை தூக்கலாமா? மூன்றாவது செட்டில் கால் துவண்டுவிடுகிறது

இடதுகால்காரன்:
எனக்கு எம்.எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது, ரிலாப்ஸ், அதாவது நோய்த் தாக்குதல், விட்டுவிட்டு வருகிற வகை. கடைசியாக வந்து ஏழு மாதம் இருக்கும். மற்றதெல்லாம் தேறிவிட்டது, இடது கால் மட்டும் முழுசாகத் தேறவில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நாலு அடி தள்ளிப் போன பிறகுதான் எனக்கே தெரியும். போன மாதம் ஜிம்மில் சேர்ந்தேன். லெக் பிரஸ்ஸில் முதல் செட் நன்றாகத்தான் போகிறது, இரண்டாவது செட்டில் ஒன்பதாவது தடவை தள்ளும்போது முழங்கால் நடுங்க ஆரம்பிக்கிறது, மூன்றாவதை முடித்து எழுந்தால் கால் நனைந்த துணி மாதிரி துவண்டுவிடுகிறது, பார்வையும் மங்குகிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும். பயிற்சியாளர் "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்கிறார். வீட்டில் "உடம்பை ஏன் வருத்திக்கிறே" என்கிறார்கள். இதனால் நோய் கூடுமா? நிறுத்திவிடட்டுமா?

மெதுவாஏறு:
நிறுத்தாதீங்க தம்பி. எனக்குப் பதினோரு வருடமாக எம்.எஸ். வீட்டில் சொல்வதையும் குறை சொல்ல முடியாது, ஒரு காலத்தில் டாக்டர்களே எம்.எஸ் என்றால் உடம்பை அலட்டாதே என்றுதான் சொல்லிவந்தார்கள். 1996இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ் உள்ளவர்களை 15 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்த ஆய்வு வந்த பிறகுதான் அந்தப் பயம் மெல்ல விலக ஆரம்பித்தது. அது சைக்கிள் மிதிப்பது போன்ற பயிற்சி, எடைப் பயிற்சி ஆய்வுகள் பின்னால் வந்தன.

கண் மங்குவதற்கு ஊட்டாஃப் என்று பெயரே இருக்கிறது, 1890இல் ஒரு ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்தது. மயலின் என்கிற அந்த மேலுறை போன நரம்பில் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே சமிக்ஞை தடுமாறும், அரை டிகிரிகூடப் போதும். சூடு தணிந்தால் திரும்பிவிடும், அதனால் நரம்புக்குப் புதுசாகச் சேதம் எதுவும் இல்லை. நான் காலையிலேயே போய்விடுவேன், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மெஷினைப் பிடித்துக்கொள்வேன், ஐஸ் தண்ணீரை இடையிடையே ஒவ்வொரு வாயாகக் குடிப்பேன். அப்புறம் ஒன்று, சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் போவோமே, நம்மில் பாதிப் பேர் செய்கிற வேலை, அதை மட்டும் செய்யாதீர்கள்.

பிசியோமேசை:
நான் பிசியோதெரபிஸ்ட். மேலே சொன்னது சரி, ஆனால் நடுக்கத்தைச் சூட்டுக் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். தசையில் இன்னும் தெம்பு இருக்கும்போதே அதற்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு களைத்துப்போகிறது. "இன்னும் ரெண்டு" என்பது மற்றவர்களுக்குச் சரிவரலாம். உங்களுக்கு நடுக்கம் தொடங்கும் இடம்தான் செட் முடியும் இடம், அதற்கு ஒன்றிரண்டு தடவை முன்னாலேயே நிறுத்தினால் இன்னும் நல்லது. வாரத்துக்கு 2 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி, 10 முதல் 15 தடவை தள்ள முடிகிற எடை, ஆரம்பத்தில் 1 அல்லது 2 செட் போதும். செட்டுக்கு நடுவில் 2 முதல் 4 நிமிடம் உட்காருங்கள், பக்கத்து ஆள் முறைத்தால் முறைக்கட்டும்.

முக்கியமான விஷயம், இரண்டு காலையும் சேர்த்துத் தள்ளினால் நல்ல கால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு காலாகச் செய்யுங்கள், களைப்பு வருவதற்கு முன் இடதை முதலில். செருப்பு கழல்கிறது என்கிறீர்களே, பாதத்தை மேலே தூக்கும் தசை பலவீனமாக இருக்கலாம், ரப்பர் பேண்டை முன்பாதத்தில் மாட்டி மேல்நோக்கி இழுக்கும் பயிற்சியை ஒரு பிசியோவிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து தொடையைத் தூக்கும் தசையையும் பார்க்கச் சொல்லுங்கள், அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். லெக் பிரஸ்ஸைவிட எனக்குப் பயம், அதை முடித்துவிட்டு நீங்கள் துவண்ட காலோடு படியிறங்குவதுதான்.

மறுநாள் காலை வழக்கம்போல் இருந்தால் அளவு சரி. இல்லையென்றால் எடைக்கு முன் செட்டைக் குறையுங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய மரத்துப்போதலோ பலவீனமோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பயிற்சிக் களைப்பு என்று நினைத்துக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஓரமாநிக்கிறவன்:
தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் எடுக்கிறீர்களா? எனக்கு அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கால் தொளதொளவென்று ஆகிவிடும். நான் அந்த இறுக்கத்தை ஊன்றித்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஜிம் நேரத்தைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

இடதுகால்காரன்:
நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. பேக்லோஃபென் இல்லை. இன்று இடது காலை மட்டும் வைத்துத் தள்ளிப் பார்த்தேன், வலது கால் தள்ளுகிற எடையில் பாதிகூட நகரவில்லை. இத்தனை நாள் வலதுதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது! எடையைக் குறைத்துப் பதினோரு தடவை, நடுக்கம் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். பயிற்சியாளர் "இன்னும்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாளைக் காலை எப்படி இருக்கிறது என்று வந்து எழுதுகிறேன்.