உதவி: எழுத்தாளரைப் பற்றி ஒன்றுமே கிடைக்கவில்லை, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்

ஆய்வேடு_அவஸ்தை: வணக்கம். ஒரு நாவலுக்கு விமர்சனக் கட்டுரைகள் வேண்டும், ஆசிரியர் குறிப்பும் வேண்டும். கூகுளில் தட்டிப் பார்த்தேன், உருப்படியாக எதுவும் இல்லை. நூலகத் தேடலில் பூஜ்யம். லெச்சரர் பத்து மேற்கோள் நூலாவது வேண்டும் என்கிறார். அவசரம், ப்ளீஸ்.

பட்டர்வொர்த்_அக்கா: எந்த நாவல்? எழுதியது யார்? கோலாலம்பூரில் இருக்கிறாயா, பினாங்கிலா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_பெரியவர்: முதலில் நாவலைப் படித்தாயா? 1978இல் மா. இராமையா மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியபோது கூகுளா கைகொடுத்தது?

ரப்பர்பால்: ஐயா, பிள்ளை கேட்டது வழி. தம்பி, பேசாமல் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எடுத்துக்கொள், கட்டுரைகள் நிறைய கிடைக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பெரியவர்: அது மலேசிய நாவலா? அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்.

ரப்பர்பால்: தோட்டத்து ஜனங்களைப் பற்றி எழுதினால் போதாதா? கு. அழகிரிசாமிகூட 1952 முதல் 1957 வரை இங்கே தமிழ் நேசன் நாளிதழில் இருந்தார். அவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_பெரியவர்: ஐந்து வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவரும் ஊர் பார்க்க வந்தவரும் ஒன்றா?

ஆய்வேடு_அவஸ்தை: அண்ணே, என் நாவல்?? மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’. பினாங்கில்தான் இருக்கிறேன்.

பட்டர்வொர்த்_அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அவர் உங்கள் ஊர் அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்தவர், 2016இல் காலமானார். தமிழ் விக்கி இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்குப் பக்கம் இருக்கிறது. ஆனால் அதையே மேற்கோளாகப் போட்டுவிடாதே. கீழே உசாத்துணை இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போ. வல்லினம் என்ற மலேசிய இலக்கிய இதழையும் துழாவு. அவர் எழுதிய விமர்சனங்களையும் படி. மற்றவர் நாவலில் எதைத் தேடினார் என்பது தெரிந்தால் உன் கட்டுரைக்கே ஒரு பிடி கிடைக்கும்.

பட்டியல்_பூச்சி: நூலகத்தில் பெயரை எப்படித் தட்டினாய்?

ஆய்வேடு_அவஸ்தை: எல்லாரும் எழுதுகிற மாதிரிதான். ஆங்கிலத்தில்.

பட்டியல்_பூச்சி: அங்கேதான் சிக்கல். பல நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்திருப்பார்கள். கார்த்திகேசுவில் (Karthigesu) எச், ஜி, எஸ் மூன்றையும் மற. ‘த்தி’க்கு இரண்டு டி (t), ‘கே’க்குக் கே (k), ‘சு’வுக்குச் சி (c): Karttikecu. இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும். நாவலின் தலைப்பும் இதே கதைதான். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும் இப்படித் தேடு. இதைச் சொல்லித்தராமலே பிள்ளைகளை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்!

ரப்பர்பால்: தேசிய நூலகத்தையும் கேட்டுப் பார். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் புத்தகத்தில் 5 பிரதி அங்கே போக வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பெரியவர்: நம் ஆட்களில் எத்தனை பேர் கொடுத்தார்கள்? பாதிப் புத்தகம் எழுதியவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

பட்டர்வொர்த்_அக்கா: அதுவும் உண்மைதான். பழைய நாளிதழ் ஞாயிறு பதிப்புகளையும் விடாதே. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது, பழைய இதழ் எங்கே இருக்கிறது என்று நூலகரிடம் நேரில் கேள்.

ஆய்வேடு_அவஸ்தை: சி போட்டதும் வந்துவிட்டது!! நன்றி பூச்சி அண்ணே, அக்கா. நூலகம் மூடப் போகிறார்கள், ஓடுகிறேன்.

பட்டியல்_பூச்சி: எத்தனை கிடைத்தது? விமர்சனமா, நாவல் மட்டுமா?

பட்டியல்_பூச்சி: ஹலோ?

ரப்பர்பால்: போயாச்சு. பெரியவரே, அகிலன் விஷயத்துக்கு வாருங்கள்.