அவசரப்படாம செஞ்சிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்: உங்க அனுபவம்?

கட்டிங் டேபிள், திருப்பூர்
லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்ஸி, டி-ஷர்ட் தைக்கிற பின்னல் துணி. காம்பாக்டிங், அதாவது துணியை அழுத்தி சுருக்கத்தைக் கட்டுப்படுத்துற வேலை முடிஞ்சு, சாயங்காலம் ரோல் வந்துச்சு. இழுபட்டிருக்கிற துணி வெட்டறதுக்கு முன்னாடியே சுருங்கி நிக்கட்டும்னு, ரோலைப் பிரிச்சு 24 மணி நேரம் ஆறப்போடணும்னு தெரியாதவங்க இந்தத் தொழில்ல இல்லீங்க. ஆனா ஷிப்மென்ட் தேதி கழுத்தை நெரிச்சுது. "ராத்திரியே லே போட்டுருங்க மாஸ்டர்"னு, அதாவது வெட்டறதுக்குத் துணியை அடுக்கி விரிக்கச் சொன்னது நான்தான். அவர் துணியை ஒரு முழம் இழுத்து விட்டுக் காட்டி, "இது இன்னும் மூச்சு வுடலைங்க"ன்னார். நான் கேக்கல.

மறுநாள் காலைல ஒரு கட்டைப் பிரிச்சு, முன்பாகத்தை எடுத்து பேட்டர்ன் அட்டை மேல வெச்சேன். ரெண்டு ஓரத்துலயும் அட்டை வெளிய தெரியுது. அந்த ரெண்டு கோடு இன்னும் கண்ணுலயே நிக்குது. 1,200 பீஸ். மறுபடி நூல் வாங்கி, ஓட்டி, சாயம் போட்டு வர 11 நாள் ஆச்சு. மிச்சம் பிடிக்கப் பாத்தது ஒரே ஒரு நாள்.

தியேட்டர் சிஸ்டர்
ஆபரேஷன் தியேட்டர்ல எங்களுக்கும் நின்னு செய்ய வேண்டிய ஒரு நிமிஷம் இருக்கு, அதுக்குப் பேரு டைம் அவுட். உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டுவந்த செக்லிஸ்ட்ல வர்றது. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் கையை நிறுத்திட்டு பேஷன்ட் பேரு, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்னு வாய்விட்டுச் சொல்லணும். அன்னிக்கு அஞ்சாவது கேஸ், எல்லாருக்கும் அவசரம். நான் "இடது பக்க ஹெர்னியா"ன்னு படிச்சேன். பச்சைத் துணி வலது பக்கம் திறந்திருந்துச்சு. மானிட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டுது. 8 நகரங்கள்ல இந்த செக்லிஸ்ட்டை வெச்சுப் பாத்து 2009-ல ஆய்வு வந்துச்சு, சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு. அன்னிக்கு அப்புறம் அந்த எண்ணை நான் வெறும் எண்ணா பாக்கறதில்ல.

ஓவர்லாக் அக்கா
கட்டிங் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பீஸ் ரேட்ல தைக்கிறவகிட்ட வந்து நிதானம்னு சொன்னா, அந்த வாரச் சம்பளம் யாரு குடுப்பா? நான் வேகமாத்தான் தைக்கறேன். ஆல்டர்னு பிரிச்சுத் தைக்கத் திரும்பி வந்தா அதுக்குக் காசில்ல, அதனால தோள்பட்டை ஜாயிண்ட்ல மட்டும் நிறுத்தி மெதுவா விடுவேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனா ஒண்ணு செய்யுங்க. ரோல் பிரிச்ச தேதியும் மணியும் சீட்டுல எழுதி ஒட்டுங்க. 24 மணி ஆகாத துணில யாரும் கை வைக்கக் கூடாது, ஓனரே வந்து நின்னாலும். சீட்டுல மாஸ்டர் கையெழுத்து இல்லாம லே போடக் கூடாது. டொயோட்டா கார் கம்பெனில லைன்ல நிக்கிற சாதாரண ஆள் கோளாறு கண்டா கயிறு இழுக்கலாம். கோளாறு சரியாகலைன்னா லைனே நின்னுடும். உங்க மாஸ்டருக்குத் துணி தெரிஞ்சிருந்துச்சு தம்பி. கையில கயிறுதான் இல்ல.

கட்டிங் டேபிள், திருப்பூர்
சீட்டு ஒட்ட ஆரம்பிச்சாச்சுங்க அக்கா. மாஸ்டர் அந்த மாசமே கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டார்.