பத்து விழுக்காடு பேர் அழுத்தினால் 44 பேருக்குச் சமமா?

#1 கிராணி வீடு
மலேசியாவில் நம் ஊர் சுங்கை சிப்புட்டைப் பற்றிப் பக்கத்து இழையில் நெட்டைப்பனை எழுதியதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன். பிறகு அழித்துவிட்டால் ஆதாரம் வேண்டுமே.

“இணைய மனு, புகார்ச் செயலி, இணைய வாக்கெடுப்பு மூன்றையும் சேர்த்து எடுத்தால் சுங்கை சிப்புட் மக்கள் அரசியலில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆயிரம் பேரைக் கேட்கிற கருத்துக்கணிப்புக்கு இனி ஒரு காசு வேண்டாம். ஊரில் பத்து விழுக்காடு பேர் அழுத்தினாலே அது கணிப்பைவிடப் பெரியது.”

பெரியதுதான். 1936ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி அட்டை அனுப்பி 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியது. லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார்.

கணக்காகவே சொல்கிறேன். ஹார்வர்டு புள்ளியியலாளர் சியாவ்-லி மெங் 2018ல் எழுதிய வழி இது. பதில் சொன்னவர் பங்கைச் சொல்லாதவர் பங்கால் வகுக்க வேண்டும். பத்து விழுக்காடு என்றால் 0.1 ÷ 0.9 = 0.111. அழுத்துகிற பழக்கமும் கருத்தும் எவ்வளவு ஒட்டிப்போகின்றன என்பதற்கு ஓர் எண் உண்டு. அது 0.05 என்று வைத்தால் வர்க்கம் 0.0025. 0.111ஐ அதால் வகுத்தால் 44. அதாவது ஊரில் பத்தில் ஒருவர் அழுத்திய தரவும், சீட்டுக் குலுக்கி எடுத்த 44 பேரைக் கேட்டதும் ஒன்று. ஆயிரம் எங்கே, 44 எங்கே?

#2 நெட்டைப்பனை
ஒட்டினதுக்கு நன்றிண்ணே, அழிக்கிற எண்ணம் இல்ல. ஒரே கேள்வி: 0.05 எங்கேருந்து வந்துச்சு? 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் தரவை வச்சு அதே மெங் போட்ட எண் 0.005. உங்க கணக்குலயே அதப் போடுங்க. 0.111ஐ 0.000025ஆல வகுத்தா 4,444. உங்க 44க்கு நூறு மடங்கு. ஒரு சைபரை விழுங்கிட்டு ஊரையே 44 பேராக்கிட்டீங்க. விழுக்காட்டுக்கும் விழுக்காட்டுப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாம போன இழையில மூணு நாள் சண்டை போட்டது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

#3 ஒட்டுக்கடை
44 பேர்னா ஞாயித்துக்கிழமை பசியாற வர்ற கூட்டமே போதும். தேர்தலை அங்கேயே முடிச்சிடலாம்லா.

#4 கிராணி வீடு
சைபரை நான் விழுங்கவில்லை. 0.005 என்பது ஆய்வாளர்கள் ஆள் தேடிப் பிடித்து நடத்திய கணிப்புகளில் வந்த எண். அதிலேயே வாக்காளரில் ஒரு விழுக்காடு, அதாவது 23 லட்சம் பதில், ஏறத்தாழ 400 பேருக்குச் சமமாகச் சுருங்கியது. அதுதான் அந்தக் கட்டுரையின் பேச்சே. தம்பி அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

மனுவுக்கு ஆளைத் தேடுகிறவர் யார்? கோபம் வந்தவன் தானாக வந்து அழுத்துகிறான். கோபமும் கருத்தும் ஒட்டாமல் வேறு எது ஒட்டும்? 0.05 என்று வைத்ததே நான் காட்டிய தாராளம்.

2021ல் அமெரிக்காவில் தடுப்பூசி போட்டவர் எத்தனை பேர் என்று ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் 250,000 பேரைக் கேட்டார்கள். அந்த மே மாதத்தில் உண்மையைவிட 17 புள்ளி கூடுதலாகக் காட்டியது. விழுக்காட்டுப் புள்ளி, தம்பி கவனிக்க. 2008ல் இந்தத் தொகுதி கைமாறியது 1,821 ஓட்டில். 17 புள்ளி பிசகுகிற தராசில் எதை நிறுப்பது?

#5 பால்காட்டுப் பையன்
வர்க்கம், ஒட்டுன்னு ஏன் குழப்பிக்கிறீங்க? ஓடிபி வருதுல்ல. ஒரு நம்பர் ஒரு ஆள். முடிஞ்சிடுச்சு.

#6 கிராணி வீடு
முடியவில்லை. ஒருவர் பெயரில் ஒரு நிறுவனத்துக்கு 5 ப்ரீபெய்ட் சிம் வரை எடுக்கலாம். நாலு நிறுவனம் என்றால் 20 எண், 20 ஓடிபி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நேர்மாறு: ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி, ஐந்து ஓட்டு. பேரன் அழுத்தினால் பாட்டியின் கருத்தும் பேரன் கருத்துதான். ஓடிபி சொல்வது சிம் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும்.

2017ல் அமெரிக்காவில் இணையச் சமநிலை விதி பற்றிக் கருத்துக் கேட்டார்கள். வந்தவை 2 கோடியே 20 லட்சம். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் 2021ல் அறிக்கை விட்டது. அதில் 77 லட்சம் ஒரே கல்லூரி மாணவர் மென்பொருளை வைத்து அனுப்பியது. பத்து விழுக்காட்டை நம்பச் சொல்கிறார்கள்.

#7 நெட்டைப்பனை
போலி வரும்னு யாருக்கும் தெரியாதா? அதுக்குத்தான் சுத்தம் பண்றது. பதிவு விழுந்த நேரத்தை நிமிஷக் கணக்குல அடுக்குனா, விடியக்காலை 3 மணிக்கு ஒரே நிமிஷத்துல இருநூறு விழுந்தது தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும். அதை எடுத்து ஓரமா வை. அடுத்தது வாசகம். அஞ்சஞ்சு சொல்லா நறுக்கி ஒப்பிட்டா வாட்ஸ்அப்புல வந்ததை வெட்டி ஒட்டுனது பிடிபடும். ஆனா அதைத் தூக்கிப் போடக் கூடாது, வேற கட்டத்துல வைக்கணும். ஒட்டுனவனும் ஆள்தான், சொல்லத்தான் வரல. அப்புறம் வயசு, ஆண் பெண், இனம். இதுங்களை 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்போட பொருத்தி எடை போடணும். எந்த எடையும் 5ஐத் தாண்ட விடாம வெட்டணும். இதெல்லாம் செஞ்ச பிறகும் 44தானா?

#8 கிராணி வீடு
எடை போட்டால் இருக்கிறவர்கள் பெருகுவார்கள். இல்லாதவர் எங்கிருந்து வருவார்? அறுபது தாண்டிய தோட்டத்துப் பெண்கள் கட்டத்தில் மூன்று பேர்தான் விழுந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். எடையை 5ல் வெட்டினால் கட்டம் காலியாகவே கிடக்கும். வெட்டாமல் 40 கொடுத்தால், ஒருவர் கை தவறி அழுத்தியது 40 பேர் கருத்தாகிவிடும். அந்த மூவரும் கைப்பேசி தெரிந்த மூவர் என்பது வேறு கதை. வயதும் பாலினமும் ஒத்துப்போனாலும் அழுத்துகிறவர் அழுத்துகிறவர்தான். அந்த 0.05 அசையாது.

#9 மூணாவது லயம்
ஒரு சந்தேகம். பத்து விழுக்காடு, பத்து விழுக்காடுன்னு சொல்றீங்களே, எதுல பத்து? தோட்டத்துல தங்கியிருக்கிற இந்தோனேசிய, வங்காளதேச ஆளுங்க குடியிருக்காங்க, ஆனா ஓட்டு இல்ல. ஜொகூர்ல, சிங்கப்பூர்ல வேலை செய்றவங்க இங்க இல்ல, ஆனா ஓட்டு இங்கதான். செயலி ஜிபிஎஸ் பார்த்து ஊர்க்காரனை முடிவு பண்ணுனா முன்னவங்க உள்ளே வந்துடுவாங்க, பின்னவங்க வெளியே போயிடுவாங்க. ஊர்னு யாரைச் சொல்றீங்கன்னு முதல்ல வச்சாத்தானே மத்ததெல்லாம்?

#10 நெட்டைப்பனை
நல்ல கேள்வி, பிறகு வர்றேன். அண்ணே “0.05 அசையாது”ங்கிறார். அளந்தாரா? இல்ல. வச்சார். “என்று வைத்தால்”னு #1லயே இருக்கு, திருப்பிப் படிங்க.

இப்ப ஒரு உண்மைத் தரவு. 2019ல பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளத்துல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டாம்னு 61 லட்சம் கையெழுத்து. எந்தத் தொகுதியில எத்தனைன்னு 650 தொகுதிக்கும் அவங்களே வெளியிட்டாங்க. 2016 பொதுவாக்கெடுப்புல விலக வேண்டாம்னு ஓட்டு போட்ட ஊர்கள்ல கையெழுத்தும் அடர்த்தி. ரெண்டு வரைபடமும் ஒட்டிப்போச்சு. மொத்தம் எத்தனைங்கிறதுல பிசகும், எந்தப் பக்கம் கூடுதல்ங்கிறதுல பிசகாதுங்கிறதுதான் என் வாதம்.

#11 பால்காட்டுப் பையன்
இதுக்கு என்ன சொல்றீங்க கிராணியாரே? சதவீதக் கணக்கெல்லாம் வெளியூர்ல செல்லுது, இங்க மட்டும் செல்லாதா?

#12 ஒட்டுக்கடை
விழுக்காடு. இங்க சதவீதம் இல்ல.

#13 பால்காட்டுப் பையன்
தமிழ்நாட்டுல சதவீதம்தான் சொல்றாங்க.

#14 ஒட்டுக்கடை
அப்ப அங்க போய் அழுத்துங்க.

#15 கிராணி வீடு
இருவரும் வேறு இழையில் அடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் கையெழுத்துப் போடுகிறவர் அஞ்சல் குறியீடு தருகிறார். அங்கே ஒரு குறியீடு என்பது ஒரு தெருவின் சில வீடுகள். அதனால் தொகுதி பிரிக்க முடிகிறது. இங்கே 31100 என்று போட்டால் டவுன், தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகள், சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் ஒரே மூட்டை. எந்த வரைபடத்தை எதோடு ஒட்டுவார் தம்பி?

அந்த 61 லட்சத்தின் மிச்சக் கதையை விட்டுவிட்டாரே. அதே ஆண்டு டிசம்பரில் தேர்தல். விலகியே தீருவோம் என்ற கட்சிக்கு 365 இடம். மனுவை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர் அன்று காலை என்ன நினைத்துக்கொண்டு எழுந்திருப்பார்?

அதற்கும் முன்னால், 2016ல், மறு வாக்கெடுப்பு கேட்டு 40 லட்சம் கையெழுத்து விழுந்தது. ஏறத்தாழ 77,000ஐப் போலி என்று நீக்கினார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத வத்திக்கானிலிருந்து மட்டும் 39,000.

#16 நெட்டைப்பனை
77,000 நாப்பது லட்சத்துல ரெண்டு விழுக்காடுகூட இல்ல. 98 சுத்தம். நீங்களே என் பக்கம் பேசுறீங்க.

#17 கிராணி வீடு
பிடிபட்டது 77,000. பிடிபடாதது எத்தனை என்று வத்திக்கானைக் கேட்டுச் சொல்லுங்கள். முட்டாள்தனமாகச் செய்த போலிதான் மாட்டும்.

#18 பால்காட்டுப் பையன்
புகார்ல எழுதுறதை மென்பொருளே படிச்சு நல்லது கெட்டது பிரிச்சிடுதே. அங்க போலி எப்படி வரும்?

#19 கிராணி வீடு
“பாகுஸ்லா, மூணு மாசமா லைட் எரியல, ரொம்ப நல்லா வேலை செய்றாங்க.” இதை அந்த மென்பொருளிடம் கொடுங்கள். பாகுஸ் (மலாயில் ‘நல்லது’), நல்லா: இரண்டு பாராட்டு என்று எண்ணும். மலாயும் தமிழும் கலந்து எழுதினால் ஏதாவது ஒரு மொழிக்குத் தள்ளிவிட்டு மீதியைக் குப்பை என்று வைக்கும். சரி பார்க்க ஒரே வழி, முந்நூறு புகாரைச் சீட்டுப் போட்டு எடுத்து, இரண்டு பேர் தனித்தனியே கையால் பிரித்து, இருவரும் எத்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் பார்ப்பது. மனிதர் இருவரே ஒத்துப்போகாத இடத்தில் மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

பாஸ்டன் நகரில் கைப்பேசி அதிர்வை வைத்துச் சாலைக் குழியைக் கண்டுபிடிக்க ஒரு செயலி விட்டார்கள். காரும் நல்ல கைப்பேசியும் உள்ள வட்டாரக் குழிகளே அதிகம் பதிவாகும் என்ற சிக்கல் அதில் இருந்தது. குழி எங்கும் இருக்கும், பதிவு மட்டும் அப்படி இல்லை. புகார் எண்ணிக்கை என்பது பிரச்சினையும் புகார் செய்யும் பழக்கமும் பெருக்கியது. ஒன்றைத் தெரிந்துகொள்ள மற்றதை அளக்க வேண்டும். அளப்பது எளிது: இருபது விளக்குக் கம்பத்தை நடந்து போய் எண்ணி, அதில் எத்தனை செயலியில் இருக்கிறது என்று பார்க்கலாம். தாமானில் ஒரு தடவை, லயத்தில் ஒரு தடவை. யாராவது செய்தார்களா? 44 என்று சொன்னதற்குக் குதிக்கிறார்கள்.

#20 நெட்டைப்பனை
கம்பம் எண்ணச் சொன்னது நல்ல யோசனை, உங்ககிட்டேருந்து வந்ததுதான் ஆச்சரியம். ஆனா ஒண்ணு. இந்த நாட்டுல ஊராட்சித் தேர்தலை 1965ல நிறுத்தியாச்சு. 1976 சட்டப்படி நகராண்மைக் கழக உறுப்பினர் எல்லாம் நியமனம், 24 பேர் வரைக்கும். அவங்ககிட்ட ஊர் மனசைச் சொல்ல ஓட்டே இல்லாத இடத்துல மனுவும் புகாரும்தான் மிச்சம். அதையும் 44னு கேலி பண்ணிட்டா, நியமன உறுப்பினர் “44 பேர்தானே”ன்னு ஃபைலை மூடிடுவார். உங்க கணக்கு யாருக்கு உதவுதுன்னு யோசிங்க.

#21 ஒட்டுக்கடை
அடேயப்பா, இப்ப அண்ணன் அரசாங்கத்து ஆளாயிட்டார்.

#22 கிராணி வீடு
என் கணக்கு யாருக்கும் உதவ வேண்டியதில்லை, சரியாக இருந்தால் போதும். 2013ல் இதே சண்டை வேறு பெயரில் நடந்தது. ஃபேஸ்புக் லைக்கை எண்ணித் தேர்தல் முடிவு சொன்னவர்கள் யார் என்று பழைய இழைகளில் தேடினால் கிடைக்கும். அப்போது லைக், இப்போது மனு. ஆளும் அதே ஆள்.

#23 நெட்டைப்பனை
அப்ப எனக்கு ஓட்டுப் போடுற வயசே இல்ல. பழைய கணக்கை வேற யார்கிட்டயாவது தீர்த்துக்கங்க. 0.05 எங்கேருந்து வந்துச்சு?

#24 மூணாவது லயம்
என் கேள்வியை யாரும் தொடல. ஊர்னா வாக்காளர் பட்டியலா, குடியிருக்கிறவங்களா? குடியிருக்கிறவங்களை வச்சா பத்து விழுக்காடா இருக்கிறது, பட்டியலை வச்சா பன்னண்டாகலாம், எட்டும் ஆகலாம். 44ங்கிறதே மாறிடும்.

#25 கிராணி வீடு
பன்னிரண்டு என்றால் 0.12 ÷ 0.88 = 0.136. வகுத்தால் 54 அல்லது 55. பெரிய மாற்றமா? பேச்சைத் திருப்பாதீர்கள். முதலில் 44ஐ ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு ஊர் யார் என்று பார்க்கலாம்.

#26 நெட்டைப்பனை
4,444.