ஆண்ட்ராய்டு 13-லேயே இருக்க வேண்டும்: 14-க்கான அப்டேட் தானாக ஏறாமல் தடுப்பது எப்படி?

நிலஅளவன்:
வணக்கம். ஆண்ட்ராய்டு 13 உள்ள போன். ஓர் அளவைக் கருவியை ப்ளூடூத்தில் இணைக்கும் பழைய செயலிக்காக மட்டுமே இதைப் பயன்படுத்துகிறோம். செயலியை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்; ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) மட்டும் கையில் உண்டு. 14-க்கான அப்டேட் இறங்கி முடிந்து, இன்ஸ்டால் செய்யச் சொல்லி அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை அணைத்தும் பலன் இல்லை. இறங்கிய கோப்பை அழிக்க முடியுமா? திரும்ப இறங்காமல் தடுக்க முடியுமா?

பழுதுமேசை:
ப்ளே ஸ்டோரில் உள்ள சுவிட்ச் செயலிகளுக்கு மட்டும்தான். சிஸ்டம் அப்டேட் வருவது வேறு வழி.

முதலில் அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். "ரீஸ்டார்ட் செய்தால் முடிந்துவிடும்" என்ற பொருளில் இருந்தால் போனை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த வகை போன்களில் சிஸ்டம் பகுதி இரண்டு பிரதிகளாக இருக்கும் (2016-ல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த முறை). ஒன்றில் போன் ஓடும்போதே மற்றதில் புதியது எழுதப்பட்டுவிடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் போன் அதற்குத் தாவிவிடும். "இன்ஸ்டால் ஆகும்போது போனைப் பயன்படுத்த முடியாது" என்று எச்சரித்தால் பழைய முறை. கோப்பு மட்டும்தான் இறங்கியிருக்கிறது, அழித்துவிடலாம்.

அழிக்கும் முன் மறுபடி இறங்கும் வழியை அடையுங்கள். சாம்சங்கில் செட்டிங்ஸ் › சாஃப்ட்வேர் அப்டேட் போய், வைஃபையில் தானாக டவுன்லோட் செய்யும் சுவிட்சை அணைக்க வேண்டும். சியோமியில் அப்டேட்டர் செயலியின் மூன்று புள்ளி மெனுவுக்குள் அப்டேட் செட்டிங்ஸ் இருக்கும். தானாக இறக்குவது, இரவில் தானாக நிறுவுவது இரண்டையும் அணையுங்கள். பிறகு செட்டிங்ஸ் › ஆப்ஸ் பட்டியலில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொல்லி, சாஃப்ட்வேர் அப்டேட் (சிலவற்றில் சிஸ்டம் அப்டேட், அப்டேட்டர்) › ஸ்டோரேஜ் › க்ளியர் டேட்டா. இரவு 2 மணிக்கு நிறுவு என்று யாராவது நேரம் குறித்து வைத்திருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள்.

இருமஎண்:
மேலே சொன்னதோடு டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் பாருங்கள். அபவுட் போனில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் அது திறக்கும். உள்ளே "ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்" என்று ஒரு சுவிட்ச். அணைத்தால் ரீஸ்டார்ட்டின்போது அப்டேட் தானாகப் பொருந்தாது. பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: வேலை முடிந்ததென்று டெவலப்பர் ஆப்ஷன்ஸை மொத்தமாக அணைக்கிறார்கள், இந்தச் சுவிட்சும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆப்ஷன்ஸ் திறந்தே இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த வைஃபையை "மீட்டர்டு" (டேட்டா அளவு வரம்புள்ளது) என்று குறித்துவிடுங்கள் (வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறி › நெட்வொர்க் யூசேஜ்). பெரிய கோப்புகள் பின்னணியில் இறங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். வேறு வைஃபையில் இணைத்தால் அங்கும் தனியாகக் குறிக்க வேண்டும்.

"கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்" என்பது தனி. ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கிறது, தானாக வரும், ஆனால் 13-ஐ 14 ஆக்காது. அதைக் கண்டு பதற வேண்டாம்.

நிலஅளவன்:
மிக்க நன்றி. இன்ஸ்டால் வகைதான், க்ளியர் டேட்டா செய்ததும் அறிவிப்பு போய்விட்டது. ஒருவேளை 14-க்கு மாறிவிட்டால் செயலி போய்விடுமா? திரும்ப 13-க்கு வர முடியுமா?

பழுதுமேசை:
ஏற்கெனவே நிறுவியிருக்கும் செயலி அப்டேட்டுக்குப் பிறகும் இருக்கும். சிக்கல் புதிதாக நிறுவும்போது வரும். ஆண்ட்ராய்டு 6.0-க்கு (ஏபிஐ 23) முந்தைய பதிப்பை இலக்காக வைத்து எழுதிய செயலிகளை நிறுவ 14 மறுக்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ தவறுதலாக நீக்கினாலோ ஏபிகேயைத் தட்டி நிறுவ முடியாது. கணினியிலிருந்து ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக, அந்தத் தடையைத் தாண்டும் தெரிவைச் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும். ஏபிகேயைக் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

திரும்பி வருவதை நம்பி இருக்காதீர்கள். சாம்சங்கில் பில்ட் எண்ணின் பின்னாலிருந்து 5-வது எழுத்து பூட்லோடர் (போன் ஆனாகும்போது சிஸ்டத்தை ஏற்றும் மென்பொருள்) பதிப்பைக் குறிக்கும். அது ஒருமுறை கூடிவிட்டால் குறைந்த எண்ணுள்ள பழைய ஃபர்ம்வேரை (சிஸ்டம் மென்பொருளை) போன் ஏற்காது. மற்ற போன்களிலும் பழையதை ஏற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்தால் உள்ளிருக்கும் எல்லாமே அழிந்துவிடும்.

குறுஞ்சுற்று:
இதே கேள்வி ஐபோனுக்கு?

இருமஎண்:
செட்டிங்ஸ் › ஜெனரல் › சாஃப்ட்வேர் அப்டேட் › ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ். இறக்குவது, நிறுவுவது இரண்டையும் அணையுங்கள். ஏற்கெனவே இறங்கியதை ஜெனரல் › ஐபோன் ஸ்டோரேஜ் பட்டியலில் ஐஓஎஸ் பெயரைத் தட்டி நீக்கலாம். "இன்றிரவு நிறுவு" என்று கேட்டு பாஸ்கோடு பெட்டி வந்தால் எண்ணைப் போடாதீர்கள். போட்டால் சம்மதித்ததாகிவிடும், சார்ஜில் இருக்கும்போது இரவில் நிறுவிவிடும். "பிறகு நினைவூட்டு" போதும். பழைய ஐஓஎஸ்ஸுக்கு ஆப்பிள் கையொப்பமிடுவதை (நிறுவ ஒப்புதல் தருவதை) நிறுத்தியபின் திரும்பும் வழி இல்லை.

நிலஅளவன் கவனத்துக்கு: 13-லேயே நின்றால் சிஸ்டத்தின் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். அந்த போனில் வங்கிச் செயலி, முதன்மை மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். ப்ளே ஸ்டோரில் ஆட்டோ அப்டேட்டை அணைத்திருப்பதால் குரோமும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவும் பழையதாகவே கிடக்கும். வலைப்பக்கத்தைத் திறக்கும் பல செயலிகள் வெப்வியூவைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த இரண்டையும் மட்டும் மாதம் ஒருமுறை கையால் அப்டேட் செய்யுங்கள்.