புதுப்பிப்பு: டிரெய்லர் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது

குறுவை நெல் அறுவடைக்கு முன்னால் இங்கே புலம்பியிருந்தேன்: டிராக்டரை ஓட்டிவிடுவேன், டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுத்தால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்கின்றன என்று. இப்போது வருகிறது. முக்கால்வாசி.

நீங்கள் சொன்னதில் கைகொடுத்தது, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிப்பதுதான். கை இடப்பக்கம் போனால் டிரெய்லரின் பின்புறமும் இடப்பக்கமே போகிறது. அதுவரை மூளைக்குள் இடம் வலம் மாற்றிப் போட்டே களைத்துப்போவேன். ஆனால் திருப்புவது பாதி வேலைதான். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, டிராக்டரை அதன் பின்னாலேயே விட வேண்டும். இதில்தான் ஒரு வாரம் போனது. "கொஞ்சமா ஒடிடா, அது என்ன பண்ணுதுன்னு பாரு" என்று சித்தப்பா தொண்டை வறளக் கத்தினார். மடங்கிவிட்டால் பின்னால் எடுத்துச் சரிசெய்ய முடியாது. முன்னால் இழுத்து நேராக்குவதுதான் வழி.

பழகியது அறுத்த வயலில், வைக்கோல் கட்டுகளை நட்டுவைத்து. நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றுக் கரைச் சாலையில் பழகியிருந்தால் ஆற்றில்தான் இருந்திருப்பேன். போன வாரம் நெல் கொள்முதல் நிலையத்தில், நாற்பது கிலோ மூட்டைகளோடு மூன்றாவது முயற்சியில் நேராக நிறுத்தினேன். பிரேக்கைப் பற்றிக் கேட்டவருக்காகச் சொல்கிறேன்: டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் பூட்டி இணைத்துத்தான் ஓட்டினேன்.

இது இரண்டு சக்கர டிரெய்லர். நான்கு சக்கரத்தில் முன் அச்சும் தனியாகத் திரும்பும். அதைச் சித்தப்பாவே ரிவர்ஸ் எடுப்பதில்லை.