ஏழாம் நாள் டார்ச்சில் வெறுமையாகத் தெரியும் முட்டை: குறை சேவலிடமா, இன்குபேட்டரிலா?

இன்குபேட்டரில் (முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டி) வைத்த கோழிமுட்டையை ஏழாம் நாள் டார்ச் ஒளியில் பார்க்கும்போது நரம்பு (ரத்தக் குழாய்) ஓடாததை எல்லாம் "கரு கூடவில்லை" என்று ஒதுக்கி, சேவலை மாற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வெறும் முட்டையில் இரண்டு வகை உண்டு. கருவே கூடாதது ஒன்று, கரு கூடி முதல் இரண்டு மூன்று நாளிலேயே செத்தது இன்னொன்று. டார்ச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். உடைத்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஒதுக்கியதைத் தட்டில் மெதுவாக உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவின் மேலே உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். கரு கூடாததில் அது 2 மி.மீ. அளவில், ஓரம் ஒழுங்கில்லாமல், கெட்டியான வெள்ளையாக இருக்கும். கரு கூடியதில் 4 மி.மீ. அளவில் வட்டமாக, வெளியே வெள்ளை வளையமும் உள்ளே தெளிந்த பகுதியுமாக இருக்கும். இன்குபேட்டரில் ஒரு நாளாவது வளர்ந்து செத்திருந்தால் அந்தத் திட்டு 1 செ.மீ. வரை, அதற்கு மேலும்கூட, விரிந்து பாலாடை போலத் தெரியும்.

முதல் வகை அதிகம் என்றால் சேவலைப் பாருங்கள். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை போதும். இரண்டாவது வகை அதிகம் என்றால் சேவலை விட்டுவிட்டு, முட்டையைச் சேமித்த விதத்தையும் வெப்பத்தையும் சோதியுங்கள்.

*

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சேவலை மாற்றியதும் மறுநாள் முட்டையை வைத்துப் புதுச் சேவலின் குஞ்சு என்று நம்பக் கூடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம் வரை, சில சமயம் மூன்று வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். இனத்தூய்மை வேண்டுமானால் மூன்று வாரம் கழித்து எடுத்த முட்டையைத்தான் வைக்க வேண்டும்.

சேமிப்பில்தான் நிறைய முட்டை வீணாகிறது. 15 முதல் 18 டிகிரி செல்சியஸ், கூர்முனை கீழே, ஏழு நாளுக்குள். அதைத் தாண்டினால் பொரிப்பு ஒவ்வொரு நாளும் குறையும், பொரிக்கும் நேரமும் தள்ளிப்போகும். குளிர்ந்த முட்டையை அப்படியே சூட்டில் வைத்தால் ஓடு வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் துளைகள் வழியே உள்ளே போய்விடும். அறை வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். தூரத்திலிருந்து வண்டியில் வந்த முட்டை என்றால் ஒரு நாள் கூர்முனை கீழாக அசையாமல் இருக்கட்டும். குலுங்கிய காற்றறை (அகன்ற முனையில் உள்ள காற்று இடைவெளி) ஓரளவு நிலைபெறும்.

*

டார்ச் பார்ப்பது பற்றி. அறை நல்ல இருட்டாக வேண்டும். அட்டையில் 2.5 செ.மீ. துளை போட்டு, அதற்குப் பின்னால் எல்இடி டார்ச் (குண்டு பல்பு முட்டையைச் சுட்டுவிடும்), துளையில் முட்டையின் அகன்ற முனை. வெள்ளை ஓட்டில் 5-ஆம் நாளே சிலந்தி வலை மாதிரி நரம்பு தெரியும். பழுப்பு ஓட்டுக்கு 7 அல்லது 8 ஆகட்டும், கரும்பழுப்புக்கு 10.

நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் நின்றால் அந்தக் கரு செத்தது உறுதி. எடுத்துவிடலாம். சந்தேகமானதில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு 10-ஆம் நாள் திரும்பப் பாருங்கள். மார்க்கர் பேனா வேண்டாம். ஆனால் நாற்றம் வந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை உள்ளே வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.

*

வெப்பம்: ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாததில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 முதல் 39 வரை காட்ட வேண்டும். சென்சார் மூடியோடு ஒட்டித் தொங்கினால் திரை ஒன்று சொல்லும், முட்டைக்கு வேறொன்று கிடைக்கும். புதுக் கருவியை நம்பாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைக் குறித்து, 24 மணி நேரம் வெறுமனே ஓட்டிய பிறகு முட்டை வையுங்கள்.

20-ஆம் நாளுக்கு முன்பே பொரித்து, தொப்புள் ஆறாத சின்னக் குஞ்சாக வந்தால் சூடு கூடுதல். 22, 23 என்று இழுத்தால் சூடு குறைவு. கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும், 40-ஐத் தாண்டிய சூட்டை அப்படித் தாங்காது.

*

ஈரப்பதத்துக்கு மீட்டரைவிட எடைத்தராசு நம்பகமானது. 18-ஆம் நாளுக்குள் கோழிமுட்டை சுமார் 12 சதவீதம் எடை இழக்க வேண்டும். 55 கிராம் முட்டை என்றால் 6.6 கிராம் போய் 48.4-க்கு வரணும். 9-ஆம் நாள் அதில் பாதி, 3.3 கிராம் குறைந்திருக்கணும். இழப்பு குறைவாக இருந்தால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். இழப்பு அதிகமாக இருந்தால் அகலமான தட்டு வையுங்கள். ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் பரப்புதான், ஆழம் இல்லை. முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 சதவீதத்தில் தொடங்கி, எடையைப் பார்த்து மாற்றுங்கள்.

மீட்டரைச் சோதிக்க: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுக் கூழாகும் அளவு தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

*

கடைசி மூன்று நாள் பற்றிச் சுருக்கமாக. 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தை 65 முதல் 70 ஆக்குங்கள். அதுவரை ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை, ஒற்றைப்படையில் திருப்பியிருக்க வேண்டும். அப்போதுதான் நீண்ட இரவில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. காடைக்கு இந்த நிறுத்தம் 14 அல்லது 15-ஆம் நாள், வாத்துக்கு 25.

ஓட்டில் முதல் ஓட்டை விழுந்த பின் குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டு முடிகிறது, சவ்வின் ரத்தம் வற்றுகிறது. இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும். மூடியை அடிக்கடி திறந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பொரித்தவை உள்ளேயே காயட்டும், ஒரு நாள் தீனி இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

23-ஆம் நாளும் பொரிக்காததை உடையுங்கள். முழுக்குஞ்சு, காற்றறை சிறியது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது என்றால் ஈரம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள். தலை கூர்முனைப் பக்கம் இருந்தால், வைக்கும்போதே அந்த முட்டை தலைகீழாக இருந்ததா என்று பாருங்கள்.