தென்னாப்பிரிக்காவில் ஐடி (அடையாள அட்டை) நகல் கொடுத்ததால் பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து:
எங்கள் ஆயா (பாட்டி) பெயரில் யாரோ செல்போன் ஒப்பந்தம் எடுத்துத் தவணை கட்டாமல் விட்டுவிட்டார்கள். ஆயா வைத்திருப்பது பட்டன் போன். வசூலுக்கு ஆள் பேசியபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட், கடையில் புகார், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பீரோவில் ஆட்சேபம் என்று அலைந்து தீர்த்தோம். இந்த வயதில் அவர் பட்ட அவமானத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கார்டு ஆயாவின் பையை விட்டு எங்கும் போகவில்லை. எண்ணும் ஒரு நகலும் போதுமாம். நம் 13 இலக்க ஐடி எண்ணே நிறையச் சொல்லிவிடும்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்பது, அதற்கடுத்தது குடியுரிமை. 2020இல் எக்ஸ்பீரியன் என்ற கிரெடிட் பீரோவை ஏமாற்றி ஒருவர் 2.4 கோடிப் பேர் வரையிலானவர்களின் விவரத்தை வாங்கிப் போனது நினைவிருக்கும். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். கடன் கொடுப்பவர்கள் அதைப் பார்த்தால் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். ஆயாவுக்குச் செய்துவிட்டோம்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து:
தங்கை குடியிருக்கும் எஸ்டேட்டின் (காவலுள்ள குடியிருப்பு வளாகம்) கேட்டில் கார்டை வாங்கி ஸ்கேன் செய்வார்கள். ஸ்மார்ட் கார்டின் பின்பக்க பார்கோடில் பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் பூட்டில்லாமல் இருக்கின்றன. சிப்புக்குள் கைரேகையைப் பத்திரப்படுத்தி என்ன பயன்? விவரத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டேன். தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கிறது, கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்புறம் தங்கை அனுப்பும் குறியீட்டு எண்ணைச் சொன்னாலே கேட் திறக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவிலிருந்து:
அக்கா மகள் கல்யாணத்தைப் பதியப் போனால், அவளுக்கு ஏற்கெனவே கணவர் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது! முன்பின் தெரியாத ஆள். வேலை தேடிய காலத்தில் நகல் கொடுத்த இடங்களில் எதிலிருந்து போனதோ. தான் அவருடைய மனைவி இல்லை என்று நிரூபிக்க அவளே கையெழுத்தும் கைரேகையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1908இல் இந்தியர்கள் மீதான கட்டாயப் பதிவை எதிர்த்துக் காந்தியின் தோழர் தம்பி நாயுடு சிறை போன ஊர் இந்த ஜோகன்னஸ்பர்க். அக்கா மகளின் அந்தப் பொய்த் திருமணப் பதிவு நீங்க மாதக்கணக்கில் ஆனது. கல்யாணம் பேசுமுன் உள்துறையில் உங்கள் பிள்ளைகளின் திருமண நிலையைச் சரிபார்த்துவிடுங்கள். நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.